ஆய்வேடு வாங்குவதா, ஆய்வு செய்வதா? சூழலியல் படிக்கும் மாணவர்களுக்கு



எம்.எஸ்ஸி. விலங்கியல், தாவரவியல், சுற்றுச்சூழல் அறிவியல் படிக்கும் பிள்ளைகள் கடைசி செமஸ்டரில் ஓர் ஆய்வேடு எழுதிக் கொடுத்தாக வேண்டும். வீட்டில் அதை 'புராஜெக்ட்' என்று சொல்வார்கள். பெற்றோரிடம் அதற்கெனப் பணம் கேட்பார்கள். எதற்காக அந்தப் பணம் என்று பெரும்பாலான வீடுகளில் யாரும் கேட்பதில்லை. கல்லூரி இருக்கும் ஊர்களில் எல்லாம் ஆய்வேடுகளை ஆயத்தமாகச் செய்து விற்கும் இடங்கள் இருக்கின்றன என்பதை மாணவர்கள் அறிவார்கள். தலைப்பைச் சொன்னால் போதும். பைண்டிங் செய்து, அட்டையில் தங்க எழுத்தில் பெயர் பொறித்து, கையில் தந்துவிடுவார்கள். உள்ளே இருக்கும் எண்கள் யாரோ எப்போதோ எங்கோ எடுத்தவை, அல்லது யாருமே எடுக்காதவை.

இதில் உள்ள நேர்மைக் குறைவைப் பற்றி நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. நான் சொல்ல வருவது அதனால் மாணவருக்கு நேரும் நஷ்டம். இரண்டாண்டு முதுகலைப் படிப்பில் மாணவர் தாமாகவே ஒரு கேள்வி கேட்டு, தாமாகவே அதற்கு விடை தேடும் இடம் இந்த ஓர் ஆய்வேடு மட்டும்தான். மற்றதெல்லாம் மனப்பாடம். முனைவர் பட்டத்துக்கோ ஆய்வுக்கூட வேலைக்கோ நேர்முகத் தேர்வுக்குப் போனால் முதலில் கேட்கப்படுவதும் அதைப் பற்றித்தான். "உங்கள் எம்.எஸ்ஸி. ஆய்வில் என்ன செய்தீர்கள்? மாதிரிகளை ஏன் அந்த இடத்தில் எடுத்தீர்கள்?" என்ற இரண்டு கேள்விகளிலேயே வாங்கிய ஆய்வேடு வெளுத்துவிடும்.

முனைவர் பட்ட நிலையில் இது இன்னும் கடுமை. பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் கொண்டுவந்த விதிகளின்படி, ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு உள்ள ஒற்றுமை 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் தண்டனை இல்லை. 10 முதல் 40 வரை என்றால் திருத்தி மீண்டும் தர வேண்டும். 40 முதல் 60 வரை என்றால் ஓராண்டு தடை. 60-க்கு மேல் போனால் பதிவே ரத்து. எம்.எஸ்ஸி.யில் ஒட்டி வெட்டிப் பழகிய கை அங்கே போய்த் திடீரென்று திருந்துவதில்லை.

தலைப்பு அல்ல, கேள்வி

"எனக்கு ஒரு நல்ல டாபிக் சொல்லுங்கள்" என்றுதான் மாணவர்கள் வந்து நிற்பார்கள். 'முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டின் பல்லுயிர் வளம்' என்பது தலைப்பு. அதை வைத்துக்கொண்டு நான்கு மாதத்தில் ஒன்றும் செய்ய முடியாது. 'கஜா புயலில் மரங்கள் விழுந்து திறந்துபோன இடங்களில் புதிய கன்றுகள் முளைத்திருக்கின்றனவா, மரம் நிற்கும் இடங்களோடு ஒப்பிட்டால் எவ்வளவு?' என்பது கேள்வி. இதற்கு என்ன அளக்க வேண்டும், எங்கே அளக்க வேண்டும், எத்தனை இடத்தில் அளக்க வேண்டும் என்பதெல்லாம் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

கேள்வி பெரிதாக இருக்க வேண்டும், காட்டுக்குள் போக வேண்டும், விலை உயர்ந்த கருவி வேண்டும் என்று நினைப்பவர்கள் சலீம் அலியின் தூக்கணாங்குருவி ஆய்வை நினைத்துப் பார்க்கலாம். 1896-இல் மும்பையில் ஒரு சுலைமானி போஹ்ரா குடும்பத்தில் பிறந்து, சிறு வயதிலேயே தாய் தந்தையை இழந்து, மாமன் வீட்டில் வளர்ந்தவர் அவர். பறவையியல் பயில ஜெர்மனிக்குப் போய்த் திரும்பி வந்தபோது, அவர் பார்த்துவந்த அருங்காட்சியக வேலை இல்லாமல் போயிருந்தது. வருமானம் இல்லை. அலிபாக் அருகே கிஹிம் என்ற கடற்கரைக் கிராமத்தில், மனைவி குடும்பத்தாரின் சிறிய வீட்டில் போய்த் தங்கினார். பக்கத்து மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. அவற்றை நாள்தோறும் பார்த்துக் குறிப்பெடுத்தார்.

அந்தக் குருவி நம் ஊர்ப் பனைமரங்களிலும் தொங்கும் கூட்டுக்குச் சொந்தமான குருவிதான். ஆயிரம் ஆண்டுகளாக எல்லோரும் பார்த்தது. ஆனால் அவர் கண்டது புதியது. ஆண் குருவி கூட்டைப் பாதி வரைக்கும் கட்டி நிறுத்திவிடுகிறது. பெண் குருவிகள் வந்து அந்த அரைக் கூட்டைச் சோதித்துப் பார்க்கின்றன. ஒரு பெண் குருவிக்குப் பிடித்து ஏற்றுக்கொண்டால்தான் ஆண் மீதியைக் கட்டி முடிக்கிறது. முடித்தவுடன் அடுத்த பெண் குருவிக்காக அடுத்த கூட்டைத் தொடங்குகிறது. வேலையில்லாத ஒரு மனிதர் வீட்டு வாசலில் செய்த இந்த ஆய்வு அவருக்கு உலக அளவில் பெயர் தந்தது. தேவைப்பட்டவை ஒரு நோட்டுப் புத்தகம், தவறாமல் தினமும் பார்ப்பது, பார்த்ததை அன்றே எழுதிவிடுவது. அவ்வளவுதான்.

பாலாற்றங்கரைக் கிணறுகள்

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரத்து மாணவர்களுக்கு வீட்டருகிலேயே ஒரு பெரிய ஆய்வுக்களம் இருக்கிறது. தோல் பதனிடும் தொழிலும் நிலத்தடி நீரும்தான் அது. உச்ச நீதிமன்றம் 1996-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் தந்த தீர்ப்பு, 'மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும்' என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றியது. சட்டக் கல்லூரிகள் அனைத்திலும் அது பாடம். ஆனால் அந்தத் தீர்ப்புக்குக் காரணமான கிணறுகள் இன்று எப்படி இருக்கின்றன என்று தெரு தெருவாகப் பார்த்து எழுத இன்னும் எத்தனையோ ஆய்வேடுகளுக்கு இடம் உண்டு.

இந்த வட்டாரத்தில் புராஜெக்ட் செய்பவர்கள் பெரும்பாலும் குரோமியத்தைத்தான் தேடிப் போகிறார்கள். ஐந்தாறு கிணற்றில் தண்ணீர் எடுத்து ஆய்வுக்கூடத்தில் கொடுத்தால், பல நேரம் குரோமியம் சொல்லும்படி இருக்காது. மாணவர் சோர்ந்துவிடுகிறார். எண்ணை மாற்றி எழுதலாமா என்ற சபலம் வரும் இடமும் இதுதான். ஆனால் அந்த முடிவில் வியக்க ஒன்றுமில்லை. தோல் பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் குரோமியம். அமிலம் இல்லாத சாதாரணத் தண்ணீரில் அது கரைந்து நிற்காது. மண்ணிலும் சேற்றிலும் ஒட்டிப் படிந்துவிடும். ஆகவே கால்வாய்ச் சேற்றில் நிறைய இருந்து, நூறடி தள்ளியுள்ள கிணற்றில் இல்லாமல் போகலாம். ஆறு இணைதிறன் குரோமியத்தின் கதை வேறு. அது தண்ணீரோடு நகரும், நஞ்சும் அதிகம். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவுக் குவியல் பற்றி இவ்வளவு கவலைப்படுவது அதனால்தான். இரண்டையும் குழப்பிக்கொண்டு எழுதிய ஆய்வேடுகள் ஏராளம்.

கிணற்றின் கதையைச் சொல்வது உப்பு. பச்சைத் தோல் அழுகாமலிருக்க அதில் கறியுப்பைத் தடவி வைக்கிறார்கள். தொழிற்சாலைக்கு வந்ததும் முதல் வேலை அந்த உப்பைக் கழுவி எடுப்பது. குரோமியத்தைச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேறாகப் படியவைத்துப் பிரித்துவிடலாம். கரைந்த உப்பு அப்படிப் படியாது. சவ்வூடு பரவல் கருவியும் ஆவியாக்கும் கலனும் வேண்டும், செலவும் மிக அதிகம். மண்ணிலும் அது ஒட்டாது, தண்ணீர் போகும் இடமெல்லாம் கூடவே போகும். ஆகவே கழிவு நீர் எதுவரை பரவியிருக்கிறது என்று அறிய டி.டி.எஸ். அளவும் குளோரைடு அளவுமே நல்ல தடயம். டி.டி.எஸ். மீட்டர் எளிதில் கிடைக்கும் சின்னக் கருவி. குளோரைடை வெள்ளி நைட்ரேட் கொண்டு டைட்ரேஷன் செய்து எந்தக் கல்லூரி ஆய்வுக்கூடத்திலும் அளக்கலாம். இந்தியக் குடிநீர்த் தரப்படி கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் ஆதாரம் இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. குளோரைடுக்கு இந்த எல்லைகள் 250, 1,000. குரோமியத்துக்கு 0.05 மில்லிகிராம்தான் எல்லை, அதில் சலுகையே கிடையாது.

எத்தனை கிணறு என்ற கேள்விக்கு வருவோம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் பழமொழி. பானையில் அது சரி, ஒரே தண்ணீரில் ஒரே தீயில் வெந்த சோறு. கிணறுகள் அப்படி வெந்தவை அல்ல. ஒன்று இருபதடி திறந்த கிணறு, அடுத்தது முந்நூறடி போர். ஒன்று கால்வாய்க் கரையில், இன்னொன்று மேட்டில். ஒரே கிணற்றில் மூன்று பாட்டில் எடுத்துவிட்டு 'மூன்று மாதிரி' என்று எழுதக் கூடாது. அது ஒரே மாதிரியை மூன்று முறை அளந்ததுதான். கழிவுநீர்க் கால்வாயை ஒட்டிப் பத்துக் கிணறு, அதே ஆழத்தில் அதே வகையான ஆனால் கால்வாயிலிருந்து வெகு தொலைவில், ஆற்றின் மேற்பக்கம் பத்துக் கிணறு என்று எடுத்துக்கொண்டால் ஓர் ஒப்பீடு கிடைக்கும். இந்த மேற்பக்கக் கிணறுகள் மிக முக்கியம். பாறையிலிருந்தே வரும் இயற்கை உப்பு இந்தப் பகுதியில் உண்டு. அதைக் கழிக்காமல் எல்லாவற்றையும் தொழிற்சாலையின் தலையில் போட்டால் ஆய்வு நிற்காது.

மழைக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை எடுத்தால் நாற்பது மாதிரிகள். இங்கே ஒரு சிக்கல். புராஜெக்ட் செமஸ்டர் தொடங்குவதே டிசம்பரில், அதற்குள் மழை வந்து போயிருக்கும். ஆகவே செப்டம்பரிலேயே, மூன்றாம் செமஸ்டர் வகுப்புகள் நடக்கும்போதே, முதல் சுற்றை எடுத்துவிட வேண்டும். குரோமியம் பார்ப்பதற்கான பாட்டில்களை முன்கூட்டியே அமிலத்தில் ஊறவைத்துக் கழுவ வேண்டும். தண்ணீர் எடுத்தவுடன் சில துளி நைட்ரிக் அமிலம் விட்டு பி.எச். அளவை 2-க்குக் கீழே கொண்டுவராவிட்டால் உலோகம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளும். வாலை வடித்த நீரை அதேபோல ஒரு பாட்டிலில் களத்துக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து அதையும் சோதியுங்கள். அதில் ஏதாவது தெரிந்தால் குறை கிணற்றில் இல்லை, உங்கள் பாட்டிலில். நாற்பதிலும் டி.டி.எஸ்., குளோரைடு பாருங்கள். செலவு பிடிக்கும் குரோமியச் சோதனையைத் தேர்ந்த பத்துப் பன்னிரண்டில் மட்டும் செய்தால் போதும்.

இனிச் சொல்லத் தயங்கும் விஷயம். இந்த ஊர்களில் தோல் தொழில் நம் மக்களின் கை. பல குடும்பங்களுக்குச் சோறு போடுவது அது. ஊர்ப் பள்ளிக்கூடத்தையும் கல்லூரியையும் கட்டியதில் தோல் வணிகர்களின் பங்கு பெரியது. ஆய்வு செய்யும் பிள்ளையின் கல்விக் கட்டணத்தையே ஒரு தொழிற்சாலை உரிமையாளர் கட்டியிருக்கலாம். வாப்பா அங்கே வேலை பார்க்கலாம். "உனக்கு வேறு தலைப்பே கிடைக்கவில்லையா?" என்று வீட்டிலேயே கேட்பார்கள். அந்தக் கேள்வியில் பயம் இருக்கிறது, நன்றியுணர்வும் இருக்கிறது. இரண்டையும் நாம் ஏளனம் செய்ய முடியாது.

ஆனாலும் அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிறவர்களும் நம் மக்கள்தான். என் கருத்து இது: ஆய்வேடு நீதிமன்றம் அல்ல. மாணவர் எந்தத் தொழிற்சாலையின் பெயரையும் எழுத வேண்டியதில்லை, யாரையும் குற்றம் சாட்ட வேண்டியதில்லை. கிணறுகளுக்கு எண் கொடுத்து, தூரத்தையும் ஆழத்தையும் அளவையும் எழுதினால் போதும். எண் சொல்வதைச் சொல்லட்டும். தண்ணீர் முன்பைவிட மேம்பட்டிருந்தால் அதையும் அதே நேர்மையோடு எழுத வேண்டும். அப்படி வந்தால், சுத்திகரிப்புக்குப் பெரும் பணம் போட்ட உரிமையாளர்களுக்கு அதைவிடப் பெரிய சாட்சி வேறு கிடையாது. தொழில் தரப்பை விலக்கிவைக்கவும் வேண்டாம். சென்னையில் 1948 முதல் இயங்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில், உப்பைக் குறைத்துத் தோலைப் பாதுகாப்பது எப்படி என்பதே ஓர் ஆய்வுத் துறை. வேதியியல் படிக்கும் மாணவர்கள் அங்கே புராஜெக்ட் வாய்ப்புக் கேட்கலாம்.

கடற்கரை ஊர்களில்

கரையோரத்து ஊர்களுக்கு இன்னொரு வகை வாய்ப்பு. பரங்கிப்பேட்டையில், வெள்ளாற்று முகத்துவாரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் மாணவர்கள் அங்கே வந்து படிக்கிறார்கள். பிச்சாவரம் கூப்பிடு தூரம். மண்டபத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையமும், கடற்பாசி ஆய்வு செய்யும் மத்திய உப்பு, கடல் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையமும் உண்டு. 1947-இல் தொடங்கிய மீன்வள நிறுவனத்தின் தலைமையகம் முன்பு மண்டபத்தில்தான் இருந்தது, பிறகுதான் கொச்சிக்குப் போனது.

அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை மாணவர்களுக்கு அலையாத்திக் காடு வாசலில். அங்கே பெரும்பான்மையாக நிற்கும் மரத்தின் தாவரவியல் பெயர் அவிசீனியா மரினா. மருத்துவ மேதை இப்னு சீனாவை ஐரோப்பியர் 'அவிசென்னா' என்று அழைத்தார்கள், அவர் நினைவாக லின்னேயஸ் வைத்த பெயர் அது. 2018 நவம்பர் 16 அன்று கரையேறிய கஜா புயல் இந்தக் காட்டைக் கடுமையாகச் சிதைத்தது. பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் சதுரம் போட்டு மரங்களின் சுற்றளவையும், அதற்குள் ஒரு மீட்டர் சதுரங்களில் கன்றுகளின் எண்ணிக்கையையும், மண் நீரின் உவர்ப்பையும் குறித்தால், மேலே சொன்ன கேள்விக்கு விடை கிடைக்கும். உவர்ப்பை ஏன் அளக்க வேண்டும்? எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கும் பிச்சாவரத்திலும் காட்டை மீட்டபோது கண்டது இதுதான்: பழைய காலத்தில் மரங்களை மொட்டையாக வெட்டிய இடங்களில் நிலம் தாழ்ந்து, கடல்நீர் தேங்கி, வெயிலில் வற்றி, கன்று முளைக்க முடியாத அளவுக்கு உப்பேறிவிட்டது. மீன் முள் வடிவில் வாய்க்கால் வெட்டி நீரோட்டம் தந்த பிறகே செடி பிடித்தது.

ஒன்றை மறக்காதீர்கள், இது காப்புக்காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போய் அளக்கக் கூடாது. சரணாலயம், தேசியப் பூங்கா என்றால் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி தலைமை வனவுயிர்க் காப்பாளரின் அனுமதி வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் அப்படித்தான். விண்ணப்பித்து அனுமதி வர மாதங்கள் ஆகும். டிசம்பரில் புராஜெக்ட் தொடங்கப் போகிறவர் ஜூலையிலேயே கல்லூரி மூலம் எழுதியிருக்க வேண்டும். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்து மாணவர்களுக்கு இன்னும் ஒரு எச்சரிக்கை: கடல் அட்டை, கடல் குதிரை, பவளப்பாறை ஆகியவை புலிக்குச் சமமான பாதுகாப்புப் பட்டியலில் உள்ளவை. கரையில் ஒதுங்கிய செத்த பவளத் துண்டைக்கூட மாதிரி என்று எடுத்து வராதீர்கள். ஆய்வு என்று சொன்னால் வழக்கிலிருந்து தப்ப முடியாது.

அனுமதிக்குக் காத்திருக்க நேரமில்லாதவர்களுக்கு மீன் இறங்குதளம் இருக்கிறது. பாக் நீரிணைக் கரையில் நீலக்கால் நண்டு பெரிய வருமானம். பிடிபடும் நண்டுகளில் முட்டை சுமக்கும் சினை நண்டுகள் எத்தனை பங்கு, மாதத்துக்கு மாதம் அது மாறுகிறதா, எந்த அளவு ஓட்டு அகலத்தில் சினை பிடிக்கிறது? ஒரு ஸ்கேலும் நோட்டும் போதும். மாதம் இரு முறை விடியற்காலை போய் ஒவ்வொரு முறையும் நூறு நண்டு அளந்தால் நான்கு மாதத்தில் எண்ணூறு. மீனவப் பெரியவர்களிடம் பேசுங்கள். 2022-இல் தமிழக அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல் பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. ஆவுளியா என்று அவர்கள் சொல்லும் அந்த விலங்கு முன்பு எங்கே மேய்ந்தது, கடற்புல் எங்கே குறைந்தது என்பது எந்த நூலகத்திலும் இல்லாத அளவுக்கு அவர்கள் நினைவில் இருக்கிறது. அதை முறையான கேள்விப் பட்டியலோடு பதிவு செய்வதும் ஆய்வுதான்.

வெளியே அதிகம் போக முடியாதவர்களுக்கு

பெண் பிள்ளைகளைக் களப்பணிக்கு அனுப்பப் பெற்றோர் தயங்குவது தெரிந்ததே. இரண்டு மாணவிகள் சேர்ந்து ஒரே களத்தில் வேறு வேறு கேள்வியை எடுத்துக்கொள்வது, அண்ணனோ தம்பியோ துணைக்குப் போவது, கல்லூரிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொள்வது என்று பல வீடுகளில் வழி கண்டிருக்கிறார்கள். அதுவும் முடியாவிட்டால் கேள்வியை வீட்டுக்குக் கொண்டுவரலாம்.

பள்ளிவாசலில் ஒளு செய்யும் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஒளுவுக்கு எத்தனை லிட்டர் செலவாகிறது? குழாயில் ஒரு நீர் மீட்டரைப் பொருத்தி, வக்துக்கு வக்து அளவையும் ஆட்களின் எண்ணிக்கையையும் எழுதினால் தெரிந்துவிடும். பிறகு குழாய்களில் நீரைக் குறைத்து விடும் முனைகளை மாட்டி இரண்டு வாரம், கழற்றி இரண்டு வாரம், மறுபடி மாட்டி இரண்டு வாரம் என்று அளந்தால் அது முறையான ஒரு சோதனை. வெளியேறும் நீரில் சோப்பு மிகக் குறைவு. அதன் கலங்கலையும் உப்பையும் ஆய்வுக்கூடத்தில் பார்த்து, தோட்டத்துக்கு விடலாமா என்று சொல்லலாம். இதற்கு ஜமாஅத்தின் சம்மதம் போதும். மீட்டரைக் குறித்துத் தர வீட்டு ஆண்கள் இருக்கிறார்கள். மையவாடிகளில் நிற்கும் பழைய மரங்களைக் கணக்கெடுப்பதும் இப்படி ஒரு நல்ல வேலை. பல ஊர்களில் வேறெங்கும் வெட்டப்பட்டுவிட்ட நாட்டு மரங்கள் அங்கேதான் மிஞ்சியிருக்கும்.

கணினி முன் உட்கார்ந்தே செய்யக்கூடியதும் உண்டு. லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 1972 முதல் இருக்கின்றன, 2008 முதல் யாருக்கும் இலவசம். 2015-க்குப் பின் ஐரோப்பாவின் சென்டினல் படங்கள் பத்து மீட்டர் துல்லியத்தில் கிடைக்கின்றன. கியூஜிஐஎஸ் என்ற மென்பொருளும் இலவசம். ராமநாதபுரத்துக் கண்மாய் ஒன்றில் முப்பது ஆண்டுகளில் ஒவ்வொரு ஜனவரியிலும் எவ்வளவு பரப்பில் தண்ணீர் நின்றது, கருவேலம் எவ்வளவு ஏறியது என்று பார்க்கலாம். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் போன்ற ராம்சார் ஈரநிலங்கள் அதே மாவட்டத்தில்தான் உள்ளன. ஆனால் படத்தில் பச்சையாகத் தெரிவது கருவேலமா பயிரா என்று ஒரு நாளாவது நேரில் போய்ச் சரிபார்க்காமல் எழுதாதீர்கள்.

எங்கே கேட்பது, யார் பணம் தருவார்கள்

கோவை ஆனைகட்டியில் சலீம் அலி பெயரில் 1990-இல் தொடங்கிய பறவையியல் மையம், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சூழலியல் துறை, மயிலாடுதுறை மன்னம்பந்தலில் உள்ள ஏ.வி.சி. கல்லூரியின் வனவுயிரியல் துறை, பெங்களூரின் ஏட்ரீ ஆகிய இடங்களில் வழிகாட்டுதல் கேட்டு எழுதலாம். எழுதும் முறைதான் பலருக்குத் தெரியவில்லை. "மரியாதைக்குரிய ஐயா, எனக்குப் புராஜெக்ட் வேண்டும்" என்று நூறு பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினால் ஒருவரும் பதில் போட மாட்டார்கள். ஒருவருடைய ஆய்வுக் கட்டுரை ஒன்றைப் படியுங்கள். அதில் உங்களுக்கு எழுந்த கேள்வி ஒன்றை இரண்டு வரியில் எழுதுங்கள். உங்களுக்கு என்ன செய்யத் தெரியும், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை வர முடியும் என்று சொல்லுங்கள். அரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் ஒரு முறை நினைவூட்டலாம், அதில் தவறில்லை.

பணத்துக்கு, தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் புராஜெக்ட்டுகளுக்கு நிதி தருகிறது. துறைத் தலைவர் வழியாகத்தான் விண்ணப்பம் போக வேண்டும். அறிவிப்பு வந்ததைத் துறைத் தலைவரிடம் மாணவரே போய்க் கேட்டால்தான் நடக்கும். மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து தரும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகையில் இரண்டு மாதம் பெரிய ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கலாம். முனைவர் பட்டத்துக்கு நம் மாணவர்கள் நம்பியிருந்த மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகையை 2022-23 முதல் மத்திய அரசு நிறுத்திவிட்டது. இன்னும் அதையே எதிர்பார்த்துக் காத்திருப்பவர்கள் உண்டு, காத்திருக்க வேண்டாம். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். பெற்றால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். சுற்றுச்சூழல் அறிவியலுக்கு யு.ஜி.சி. நெட், உயிர் அறிவியலுக்கு சி.எஸ்.ஐ.ஆர். நெட். எம்.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டிலேயே எழுதலாம்.

இன்னொன்று. இந்தச் சில ஆண்டுகளாக ரமலான் சரியாகக் களப்பணி மாதங்களான பிப்ரவரி, மார்ச்சில் வருகிறது. நோன்பு வைத்துக்கொண்டு நண்பகல் வெயிலில் சேற்றில் நிற்பதைத் திட்டத்தில் சேர்க்காதீர்கள். கள வேலையை அதற்கு முன் முடித்து, ஆய்வுக்கூட வேலையையும் எழுதும் வேலையையும் நோன்பு மாதத்துக்கு வையுங்கள்.

ஆய்வேட்டைச் சமர்ப்பித்த பிறகு ஒரு வேலை பாக்கி. கிணற்றில் தண்ணீர் எடுக்க விட்டவர்கள், நண்டு அளக்க விட்டவர்கள், மீட்டர் மாட்ட இடம் தந்த பள்ளிவாசல் நிர்வாகிகள் என அனைவருக்கும் ஒரு பக்கத்தில், எளிய தமிழில், அவரவர் இடத்து அளவை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். கிணற்றுக்காரரிடம் அவர் கிணற்று எண்ணை மட்டும் கொடுங்கள், அடுத்த வீட்டாருடையதை அல்ல. டி.டி.எஸ். 2,000-க்கு மேல் இருந்தால் அதைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம் என்று நேரில் சொல்லி, மறுசோதனைக்கு குடிநீர் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.